குடும்பக் கட்டுப்பாடும் மருத்துவக் காப்பீடும்: சென்னையில் எதை, யாரிடம் கேட்பது

என் தங்கைக்கு இரண்டாவது பிரசவம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியனாக நடந்தது. அப்போதே குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையையும் செய்துகொள்வது என்று அவளும் கணவரும் முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். அலுவலகக் குழுக் காப்பீட்டில் மகப்பேறுச் செலவுக்கு இடம் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. டிஸ்சார்ஜ் அன்று மாலை பில் கவுன்ட்டரில் கொடுத்த தாள்களில், கருக்குழாய் அறுவைக்கான கட்டண வரியும் அதனோடு சேர்ந்த இரண்டு சிறிய வரிகளும் மட்டும் பேனாவால் சுழிக்கப்பட்டிருந்தன. இவற்றைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கவில்லை, கையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்றார்கள். பிறந்து நான்கு நாளான குழந்தையை என் அம்மா தோளில் வைத்துக்கொண்டு நிற்க, நான் ஏ.டி.எம். தேடி ஓடினேன். பிறகு பாலிசியை எடுத்துப் படித்துப் பார்த்தபோது நிறுவனம் விதிப்படிதான் நடந்திருந்தது தெரிந்தது. அதை ஒருவர்கூட முன்பே சொல்லவில்லை என்பதுதான் எங்களுக்கு வலித்தது.

அந்த நாளுக்குப் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை, சென்னையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் வகையில் இங்கே எழுதுகிறேன். கருத்தடைக்கான பாதுகாப்பு நம் நாட்டில் ஒரே பாலிசிக்குள் கிடைப்பதில்லை. ஒரு பகுதி அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு பகுதி தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறது, ஒரு பகுதி தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. மிக முக்கியமான ஒரு பகுதியோ பலரும் கேள்விப்படாத ஓர் இழப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. எதை எங்கே கேட்பது என்று முன்பே தெரிந்தவருக்குத்தான் அது கைக்கு வரும்.

பாலிசியில் முதலில் பார்க்க வேண்டிய இடம்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பரில் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்கு ஒரே மாதிரியான வாசகத்தையும் எண்களையும் வகுத்தது. உங்கள் பாலிசி எந்த நிறுவனத்துடையதானாலும் விலக்குகள் பகுதியில் 17, 18 என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். 17ஆம் விலக்கு மலட்டுத்தன்மை பற்றியது. எல்லா வகைக் கருத்தடையும், கருத்தடை அறுவை சிகிச்சையும், அதை மாற்றி மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையும், ஐ.வி.எஃப். உள்ளிட்ட செயற்கைக் கருத்தரிப்பு முறைகளும், வாடகைத் தாய் ஏற்பாடும் அதற்குள் அடங்குகின்றன. 18ஆம் விலக்கு மகப்பேறு பற்றியது. பிரசவம், சிசேரியன், விபத்தால் அன்றி நேரும் கருச்சிதைவு, சட்டப்படியான கருக்கலைப்பு ஆகிய செலவுகளை அது விலக்குகிறது. மகப்பேறுப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்து வாங்கியவர்களுக்கு 18ஆம் விலக்கு தளரும், ஆனால் 17ஆம் விலக்கு அதனால் தானாகத் தளர்வதில்லை. என் தங்கையின் பில்லில் அந்த மூன்று வரிகள் சுழிக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இந்த விலக்குகளை நிறுவனம் விரும்பினால் தளர்த்தலாம். குறிப்பாக, பெரிய அலுவலகங்கள் எடுக்கும் குழுக் காப்பீட்டில் பேரம் பேசி இவற்றைத் தளர்த்தி வாங்குவது உண்டு. ஆகவே ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால், பக்கத்து நிறுவனத்துத் தோழி சொன்னதை நம்பாமல் உங்கள் எச்.ஆர். பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். எங்கள் பாலிசியில் 17ஆம் விலக்கு நீக்கப்பட்டுள்ளதா, சிசேரியனோடு சேர்த்துச் செய்யும் கருத்தடை அறுவை மகப்பேறு வரம்புக்குள் ஏற்கப்படுமா, ஆணுக்கான வாசக்டமிக்கும் அதே விதிதானா என்று கேட்டால் போதும். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். பில் கவுன்ட்டரில் எழுத்தில் இருக்கும் பதிலுக்கு மட்டும்தான் மதிப்பு.

தனியாகப் பாலிசி எடுத்தவர்களுக்கு, வாடிக்கையாளர் தகவல் தாள் என்ற சுருக்கத்தை நிறுவனம் தந்தாக வேண்டும். கேட்டால் அதை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி, ஆகவே தயங்காமல் தமிழில் கேளுங்கள். புதிய பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் உண்டு. மகப்பேறுப் பாதுகாப்புக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும் என்பதால், குடும்பம் பற்றி யோசிக்கத் தொடங்கும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் சிசேரியனோடு சேர்த்துச் செய்துகொள்வதாக முடிவு செய்துவிட்டால், சேர்க்கைக்கு முன்பே கருத்தடை அறுவைக்கான தொகையைத் தனியாகக் காட்டும் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். சிசேரியனுக்கு எப்படியும் ஆகும் மயக்க மருந்து, அறுவை அரங்கு, அறை வாடகை ஆகியவற்றைக் கருத்தடையின் கணக்கில் சேர்த்துக் கழிப்பது முறையாகாது. அப்படிக் கழித்திருந்தால், இவை பிரசவத்துக்கான செலவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கித் திரும்பக் கேளுங்கள். எங்கள் பில்லில் கழிக்கப்பட்ட இரண்டு சிறிய வரிகளில் ஒன்று அப்படிப்பட்டது. அதை ரீஇம்பர்ஸ்மென்டில் பிறகு மீட்டோம்.

கருத்தடையா, நோய்க்கான சிகிச்சையா

இந்த ஓர் இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நியாயமாக வர வேண்டிய பணத்தைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ஒரே சாதனம் ஒருவருக்குக் கருத்தடை, மற்றொருவருக்கு மருந்து. மாதவிடாயின்போது அளவுக்கு மீறிய உதிரப்போக்கால் ரத்தசோகை வந்த பெண்ணுக்கு, கருப்பையை எடுப்பதற்குப் பதிலாக, லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோனைக் கசியவிடும் கருப்பைச் சாதனத்தை மருத்துவர்கள் பொருத்துவது வழக்கமான சிகிச்சைதான். காகிதத்தில் சாதனத்தின் பெயர் மட்டும் இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ.யில் கோப்பைப் பார்ப்பவர் அதைக் கருத்தடை என்று எடுத்துக்கொண்டு மறுத்துவிடுவார். உதிரப்போக்கு எத்தனை மாதமாக இருக்கிறது, ஹீமோகுளோபின் எவ்வளவு, ஸ்கேனில் என்ன தெரிந்தது, முன்பு எந்த மாத்திரைகள் பலன் தரவில்லை என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். உண்மையில் இருப்பதை முழுமையாக எழுதச் சொல்வது உங்கள் உரிமை. இல்லாத நோயை எழுதச் சொல்வது பொய்த் தகவல் தருவதாகும், பாலிசியே ரத்தாவதற்குக்கூட அது வழிவகுக்கும். அதற்கு மருத்துவரே முன்வந்தாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கருத்தடையால் விளைந்த நோய்க்கும் இதே கவனம் வேண்டும். காப்பர் டி கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விட்டால் லேப்ராஸ்கோப்பி தேவைப்படலாம், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்ணின் காலில் ரத்தக்கட்டி உருவாகி மருத்துவமனையில் சேர்க்க நேரலாம். கருத்தடைச் செலவை விலக்கும் ஒரு வாசகம், அதன் பின்விளைவாக வந்த நோயையும் விலக்குகிறதா என்பது வாதத்துக்குரியது. ஒப்பந்த வாசகத்தில் ஐயம் இருந்தால் அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்ற நெறியை உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் ஏற்றிருப்பதால், இத்தகைய மறுப்பை எதிர்த்து முறையிடுவது வீண் முயற்சி ஆகாது. கருக்குழாயில் தங்கும் கர்ப்பத்தைப் பொறுத்தவரை வாதத்துக்கே இடமில்லை, 18ஆம் விலக்கின் வாசகமே அதற்கு விதிவிலக்குத் தருகிறது. குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்குப் பின்னும் அரிதாக நேரக்கூடிய, உயிருக்கு ஆபத்தான நிலை அது. மகப்பேறுப் பாதுகாப்பு இல்லையே என்று எண்ணி அந்தச் செலவைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

காப்பீடே தேவைப்படாத வழி

ஆணுறை, மாலா என் மாத்திரை, முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் எடுக்கும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, அவசரக் கருத்தடை மாத்திரை, காப்பர் டி ஆகியவை அரசுத் திட்டத்தில் இலவசம். காப்பர் டியில் 10 ஆண்டுகளுக்கானது, 5 ஆண்டுகளுக்கானது என இரு வகை உண்டு. ஆண், பெண் இருபாலருக்கும் நிரந்தரக் கருத்தடை அறுவையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமே. சென்னையில் இதற்கு முதல் படி உங்கள் வார்டுக்குரிய மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையம். அறுவை சிகிச்சைக்கு எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனை, நம்மவர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லும் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை போன்றவை இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். பெண் தனக்குக் கருத்தடை அறுவை செய்துகொள்ளக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று மத்திய அரசின் நெறிமுறைகளே சொல்கின்றன. கையெழுத்து கேட்டுத் திருப்பி அனுப்பினால், இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். நிரந்தரக் கருத்தடையின் சுமை பெண் தலையிலேயே விழுவதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் திருமணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் அறுவை செய்துகொண்டவர்கள், ஆண்களின் பங்கோ 0.3 விழுக்காடு. வாசக்டமிக்கு வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீடு திரும்பலாம். கணவன்மார் இதைப் படித்தால் ஒருமுறை யோசியுங்கள்.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களும் விடுப்பு உரிமையும்

அம்பத்தூரிலும் கிண்டியிலும் தொழிற்சாலைகளில், கடைகளில், சிறு அலுவலகங்களில் மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் வாங்குபவர்களுக்கு, எனக்குத் தெரிந்து குடும்பக் கட்டுப்பாட்டை நேரடியாக ஏற்கும் காப்பீடு ஈ.எஸ்.ஐ.தான். கருத்தடை அறுவை செய்துகொள்ளும் காப்பீட்டாளருக்குக் கூடுதல் நோய்ப் பயன் என்ற பெயரில் முழு ஊதியத்துக்கு ஈடான தொகை, பெண்ணானால் 14 நாட்களுக்கும் ஆணானால் 7 நாட்களுக்கும் கிடைக்கும். அறுவைக்குப் பின் சிக்கல் வந்தால் இந்தக் காலம் நீளும். கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன, ஆனாலும் உங்கள் பகுதி ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு செல்வதே அலைச்சலைக் குறைக்கும்.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் ஊதியம் வாங்கும் பெண்களுக்கு, 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் கருக்குழாய் அறுவைக்குப் பின் இரண்டு வாரமும், கருச்சிதைவு அல்லது சட்டப்படியான கருக்கலைப்புக்குப் பின் ஆறு வாரமும் ஊதியத்துடன் விடுப்புத் தந்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே உரிமை இருக்கிறது. மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் போதும், சொந்த விடுப்பைக் கரைக்க வேண்டியதில்லை.

பலரும் அறியாத இழப்பீட்டுத் திட்டம்

குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர் இறந்தாலோ, சிக்கல் ஏற்பட்டாலோ, அறுவை பலிக்காமல் மீண்டும் கருவுற்றாலோ இழப்பீடு தரும் அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிரீமியம் இல்லை. ராமாகாந்த் ராய் என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2005 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை அடுத்து, அதே ஆண்டு நவம்பரில் காப்பீட்டுத் திட்டமாக இது தொடங்கியது. 2013 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனம் இல்லாமல் மாநில அரசே நேரடியாகப் பணம் கொடுக்கும் குடும்ப நல இழப்பீட்டுத் திட்டமாக மாறியது. பீகாரின் அராரியா மாவட்டத்தில் 2012 ஜனவரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் 53 பெண்களுக்கு டார்ச் வெளிச்சத்தில் அறுவை செய்த கொடுமையை தேவிகா பிஸ்வாஸ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். அந்த வழக்கில் 2016 செப்டம்பரில் வந்த தீர்ப்பை அடுத்து இழப்பீட்டுத் தொகைகள் இரட்டிப்பாயின. முன்பின் தெரியாத பெண்களின் வேதனையிலிருந்து நமக்கு வந்த உரிமை இது என்பதால், இதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம் என்பேன்.

மருத்துவமனையிலோ டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாட்களுக்குள்ளோ இறப்பு நேர்ந்தால் 4 லட்சம் ரூபாயும், எட்டாம் நாள் முதல் முப்பதாம் நாள் வரையிலான காலத்தில் நேர்ந்தால் 1 லட்சம் ரூபாயும் குடும்பத்துக்குக் கிடைக்கும். அறுவை பலிக்காமல் கருவுற்றால் 60,000 ரூபாய். டிஸ்சார்ஜ் ஆன 60 நாட்களுக்குள் சிக்கல் ஏற்பட்டால், ஆன செலவு 50,000 ரூபாய் வரை கிடைக்கும். அரசு மருத்துவமனையில் அல்லது அரசால் அங்கீகரிக்கப்பட்டுப் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டவர்களுக்கே இது பொருந்தும். ஆகவே தனியார் நர்ஸிங் ஹோமைத் தேர்ந்தெடுப்பவர்கள், சேர்வதற்கு முன்பே அது குடும்ப நலத் திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். என் தங்கை வீட்டில் நாங்கள் அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை.

அறுவை சரியாகச் செய்யப்பட்டாலும் சிலருக்கு அது பலிக்காமல் போகலாம். உச்ச நீதிமன்றம் 2005இல் பஞ்சாப் மாநிலம் எதிர் சிவராம் வழக்கில், கருவுற்றதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. இழப்பீட்டுத் திட்டத்திலோ யார் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை, கருவுற்றதைக் காட்டினால் போதும் என்பதே இதன் பெரிய வசதி. ஆனால் காலக்கெடு இறுக்கமானது. மாதவிடாய் தள்ளிப்போனால் இரண்டு வாரத்துக்குள், அறுவை செய்துகொண்ட மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்திலேயே இருக்கிறது. இழப்பீட்டு விண்ணப்பத்தை 90 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். கருவைத் தொடர விரும்பாவிட்டால் அங்கேயே இலவசமாகக் கலைத்துக்கொள்ளலாம். கருத்தடை முறை பலிக்காததால் வந்த கர்ப்பத்தை 20 வாரம் வரை கலைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இது திருமணமாகாத பெண்ணுக்கும் பொருந்தும், வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே போதும்.

மறுத்துவிட்டால்

தனியார் காப்பீட்டில் மறுப்பு வந்தால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். 2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் எந்தக் கோரிக்கையையும் மறுக்கக் கூடாது. பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நியாயமாகத் தோன்றாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான அந்த அலுவலகம் சென்னையிலேயே, அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

காகிதங்கள்

அறுவை செய்துகொண்டதற்கான சான்றிதழை டிஸ்சார்ஜ் அன்றே தர மாட்டார்கள். பெண்ணானால் ஒரு மாதம் கழித்தோ அடுத்த மாதவிடாய் வந்த பின்னோ தருவார்கள். ஆணானால் மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பிறகே தருவார்கள், அதுவரை ஆணுறையைக் கைவிடக் கூடாது. பலர் திரும்பிப் போய் இந்தச் சான்றிதழை வாங்குவதே இல்லை. அது இல்லாமல் இழப்பீட்டு விண்ணப்பம் முதல் மேசையைக்கூடத் தாண்டாது. சான்றிதழோடு ஒப்புதல் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றையும் ஒரே உறையில் வையுங்கள், பிறகு கருவுற்றால் சிறுநீர்ப் பரிசோதனை முடிவையும் ஸ்கேன் அறிக்கையையும் அதனோடு சேருங்கள்.

பெயரில் வரும் இனிஷியலையும் அப்போதே பாருங்கள். நம் ஊரில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு இனிஷியல் ஒன்று, ஆதாரில் கணவர் பெயர் ஒன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று என்று இருப்பது சாதாரணம். எங்கள் தெருவில் ஓர் அக்கா, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டோடு பத்திரமாக மடித்து வைத்திருந்த சான்றிதழை என்னிடம் காட்டினார். அதில் அவர் அப்பாவின் இனிஷியல் இருந்தது, ஆதாரிலோ கணவர் பெயர் இருந்தது. இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க அவர் மூன்று முறை அலைந்தார். வார்டில் சேரும்போது பெயர் எழுதிக்கொள்ளும் நர்ஸிடம் ஆதார் அட்டையைக் கொடுத்து, அதில் இருக்கிறபடியே எழுதச் சொல்லி, எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள்.